கடை வழியும் கோயில் வழியும்

சித்தப்பா குடித்துவிட்டு வந்து லயத்து வாசற்படியில் சரிந்து கிடக்கும் இரவுகளில் பாட்டி ஒன்று சொல்வார், அம்மா ஒன்று சொல்வார். பாட்டி சொல்வது: "அவன் தலையெழுத்து அப்படி. அவங்கப்பாவும் இப்படித்தான் கெடந்தாரு." அம்மா சொல்வது: "தம்பி மனசு வெச்சா விட்டுற முடியாதா? வைக்க மாட்டேங்குது." சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் எங்கள் வீடு. சம்பள நாள் முடிந்து ஐந்தாறு நாட்களுக்கு இந்த இரண்டு வசனங்களும் மாறாமல் ஒலிக்கும். நான் அடுப்படி மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பேன்.

இரண்டு பேருமே சொன்னபடிதான் நடந்துகொண்டார்கள். தலையெழுத்து என்று நம்பிய பாட்டி சோறு போட்டார், வாயைத் துடைத்துவிட்டார், ஒரு நாளும் திட்டியதில்லை. மனசு வைத்தால் முடியும் என்று நம்பிய அம்மா கதவைச் சாத்தினார். சின்ன வயதில் எனக்குப் பாட்டிதான் நல்லவராகத் தெரிந்தார். பிறகுதான் இன்னொன்றைக் கவனித்தேன். சித்தப்பாவுக்கு ஈப்போவில் லோரி வேலை வாங்கிக் கொடுக்க நாலு பேர் வீட்டு வாசலில் போய் நின்றவர் அம்மா. காவடி எடுக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தவரும் அம்மாதான். பாட்டி அதற்கெல்லாம் போகவில்லை. எதற்குப் போக வேண்டும்? அதான் எழுதியாகிவிட்டதே. பாட்டியின் இரக்கத்தில் எதிர்பார்ப்பு கிடையாது. அம்மாவின் எதிர்பார்ப்பில் இரக்கம் கம்மி. இரண்டையும் ஒரே ஆளிடம் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

திருக்குறளிலும் இந்தச் சண்டை இருக்கிறது. 38ஆம் அதிகாரம் ஊழ், 62ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை. ஒன்றில் ஊழை மிஞ்சிய வலிமை எதுவும் இல்லை, மற்றொன்றில் அயராமல் முயல்பவன் அதே ஊழைப் புறமுதுகு காண்பான். பள்ளியில் இரண்டையும் மனப்பாடம் செய்தோம். எந்த ஆசிரியரும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இதில் எதுடா சரி?" என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் வகுப்பு சுவாரசியமாகப் போயிருக்கும்.

நம் மொழியிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? 'தலைவர் தன்னிச்சையாக முடிவெடுத்தார்' என்றால் அவர் யாரையும் கேட்காமல், தன் விருப்பப்படி எடுத்தார் என்று பொருள். 'அவள் கை தன்னிச்சையாக உயர்ந்தது' என்றால் அவள் விரும்பாமலே, அவளை அறியாமலே உயர்ந்தது என்று பொருள். முழுச் சுதந்திரத்துக்கும் முழு அனிச்சைக்கும் ஒரே சொல். அதனால் இந்தக் கட்டுரையில் அந்தச் சொல்லைத் தொடாமல் தன்விருப்பம் என்றே எழுதுகிறேன். எதிர்த்தரப்புக்கு நியதிவாதம்.

உளவியல் படிக்கப் போனபோது எங்கள் அடுப்படிச் சண்டை ஓர் அட்டவணையாக என் முன்னால் வந்தது. வெள்ளைப் பலகையில் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் நியதிவாதம்: ஃபிராய்டு, வாட்சன், ஸ்கின்னர். வலப்பக்கம் தன்விருப்பம்: ரோஜர்ஸ், மாஸ்லோ. பரீட்சைக்கு எட்டு மதிப்பெண். "உண்மை ரெண்டுக்கும் நடுவுல இருக்குன்னு முடிவுரையில எழுதுங்க, முழு மார்க் கிடைக்கும்" என்றார் விரிவுரையாளர். எழுதினேன், கிடைத்தது. நடுவில் என்றால் எங்கே என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என்னைப் பிடித்துக்கொண்டவர் ஸ்கின்னர். இலக்கியம் படிக்கிறவர்களுக்கு அவரைப் பற்றி ஒரு சின்னத் தகவல்: அவர் முதலில் எழுத்தாளராகத்தான் ஆசைப்பட்டார். கல்லூரி முடித்துவிட்டு எழுதுவதற்காகவே ஒரு வருடத்துக்கும் மேல் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார். கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட் கூட அவருடைய சிறுகதைகளைப் பாராட்டியிருக்கிறார். ஆனால் தனக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்ற முடிவுக்கு வந்து, உளவியலுக்குப் போனார். தன்னிடம் சொல்ல ஒன்றுமில்லை என்று கண்டுகொண்ட ஒருவர், மனிதனுக்குள்ளே 'தான்' என்று ஒன்று உட்கார்ந்து முடிவெடுப்பதே இல்லை என்று பிற்பாடு சொன்னதில் எனக்கு ஆச்சரியமில்லை. (இது அவருடைய கோட்பாட்டையே அவர் மீது திருப்பிப் போடுவது. அவர் கோபித்துக்கொள்ள முடியாது.)

1971இல் வந்த அவருடைய 'சுதந்திரத்துக்கும் கண்ணியத்துக்கும் அப்பால்' புத்தகத்தின் வாதம் சுருக்கமாக இது. ஒரு செயலின் காரணம் நமக்குத் தெரியாதபோதுதான் செய்தவனைப் பாராட்டுகிறோம், பழிக்கிறோம். காரணங்கள் தெரியத் தெரிய, பாராட்டும் பழியும் கரைந்துபோகும். புறா ஏன் பொத்தானைக் கொத்துகிறது என்பது தெரிந்துவிட்டால் யாரும் புறாவைக் கண்டிக்கப் போவதில்லை, தானியம் விழும் விதத்தை மாற்றுவார்கள். மனிதனுக்கும் அதைத்தான் செய்ய வேண்டும், சூழலை மாற்றுங்கள் என்றார். பலர் அவரைச் சர்வாதிகாரி என்று திட்டினார்கள். நான் படித்தபோது வேறு ஒன்று பட்டது: தண்டனையை இவ்வளவு வெறுத்த உளவியலாளர் அபூர்வம். தண்டனை வேலை செய்வதில்லை, தண்டிப்பவனிடமிருந்து ஒளியக் கற்றுக்கொடுப்பதோடு சரி என்று விடாமல் எழுதியவர் அவர். அறிவியல் உடுப்புப் போட்ட என் பாட்டி.

1956இல் கார்ல் ரோஜர்ஸும் ஸ்கின்னரும் 'சயன்ஸ்' இதழில் நேருக்கு நேர் வாதிட்டது அச்சானது. ரோஜர்ஸ் கேட்டதில் ஒரு கேள்வி இன்றுவரை அசையவில்லை. சரி, மனிதனின் நடத்தையைச் சூழலால் திருத்தலாம். எந்தத் திசையில் திருத்துவது என்பதை யார் தேர்ந்தெடுப்பது? அந்தத் தேர்வு உங்கள் அறிவியலுக்கு வெளியே அல்லவா நிற்கிறது? புறாக்கூண்டுக்கு வெளியே ஒருவர் நின்றுகொண்டு தானியத்தை எப்போது போடலாம் என்று யோசிக்கிறாரே, அவர் மட்டும் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்?

2009இல் செமஸ்டர் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். தோட்டம் அதற்கு நாலு வருடம் முன்பே கைமாறி, பால் மரங்களை அழித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். நாங்கள் தாமானுக்கு மாறிவிட்டோம். லயத்தை விட்டு எழும்பாத பதினோரு குடும்பங்களில் சித்தப்பாவுடையது ஒன்று. பார்க்கப் போனேன். கையில் ஸ்கின்னர் இருந்த தைரியத்தில் பேச ஆரம்பித்துவிட்டேன். சம்பளத்தோடு சம்சுவைக் கடனுக்கும் கொடுக்கிற கடை, மூன்று மணிக்கெல்லாம் முடிந்துவிடும் வேலை, அதற்குப் பிறகு போக வேறு இடமே இல்லாத தோட்டம், குடித்த அப்பா. "இதெல்லாம் சேந்துதான் சித்தப்பா. ஒங்க மேல தப்பே இல்ல."

ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தேன். அவர் முகம் மாறியது. எழுந்து உட்கார்ந்தார்.

"விட முடியாதுன்னு எவன்டா சொன்னான்? காவடி எடுத்து பதினாலு மாசம் தொடாம இருந்தேன், தெரியுமில்ல? இப்ப நான் விடல. அவ்ளோதான். கடக்காரன் ஊத்துனான், எங்கப்பன் ஊத்துனான்னு சொல்றியே, அப்ப நான் யாரு? போத்தலா?"

அதற்குப் பதில் என்னிடம் இல்லை. என் விரிவுரையாளரிடமும் இருந்திருக்காது. பல வருடம் கழித்து ஆங்கிலேய மெய்யியலாளர் பி. எஃப். ஸ்ட்ராசன் 1962இல் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்தேன். அவர் சொல்வது: ஒரு மனிதனிடம் நாம் இரண்டு விதமாக நிற்கலாம். அவனோடு கோபித்துக்கொள்ளலாம், நன்றி சொல்லலாம், மன்னிக்கலாம், மனம் புண்படலாம். இது அவனைச் சக மனிதனாக வைத்துப் பழகுவது. இல்லையென்றால் அவனைக் கையாளவேண்டிய, குணப்படுத்தவேண்டிய, தடுத்துவைக்கவேண்டிய ஒரு பொருளாகப் பார்க்கலாம். சிறு பிள்ளையிடமும் கடும் மனநோயில் இருப்பவரிடமும் இரண்டாவது விதமாகத்தான் நடந்துகொள்கிறோம். அது சில சமயம் தேவை. ஆனால் எல்லோரிடமும் எப்போதும் அப்படி நிற்க மனிதனால் முடியாது, முடிந்தால் உறவு என்று ஒன்று மிஞ்சாது. அன்று நான் சித்தப்பாவின் தப்பை எடுத்துக்கொண்டு போகிறேன் என்று நினைத்து அவரையே எடுத்துக்கொண்டு போகப் பார்த்தேன். அவர் விடவில்லை. கதவைச் சாத்திய அம்மாவோடு அவர் கடைசிவரை நல்லபடியாகத்தான் பேசிக்கொண்டிருந்தார் என்பதை இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

மூளை ஆய்வு இந்தச் சண்டையை முடித்துவைத்துவிட்டது என்று நண்பர்கள் சொல்வார்கள். யூடியூப் காணொளிகளும் அப்படித்தான் சொல்கின்றன. அவர்கள் காட்டுவது பெஞ்சமின் லிபெட் 1983இல் வெளியிட்ட சோதனை. கடிகார முகம் போன்ற ஒன்றில் ஓர் ஒளிப்புள்ளி சுற்றும். உட்கார்ந்திருப்பவர் தனக்குத் தோன்றும்போது மணிக்கட்டை அசைக்க வேண்டும். 'அசைக்கலாம்' என்று தோன்றிய கணத்தில் புள்ளி எங்கே இருந்தது என்று பிறகு சொல்ல வேண்டும். அசைவதற்குச் சுமார் 200 மில்லி விநாடிக்கு முன்புதான் விருப்பம் தோன்றியதாக அவர்கள் சொன்னார்கள். ஆனால் தலையில் ஒட்டிய மின்முனைகள் 550 மில்லி விநாடிக்கு முன்பே மூளை தயாராகத் தொடங்கியதைக் காட்டின. ஆக, நான் முடிவெடுக்கும் முன்பே மூளை முடிவெடுத்துவிட்டது. நான் என்பது பின்னால் வந்து கையெழுத்துப் போடும் கிராணி.

படிக்கும்போது ரோமம் சிலிர்க்கும். ஆனால் லிபெட்டே அந்த முடிவுக்கு வரவில்லை. கடைசிக் கணத்தில் வேண்டாம் என்று நிறுத்தும் அதிகாரம் நமக்கு உண்டு என்றார். 2012இல் ஆரன் ஷர்கரும் உடன் ஆய்வாளர்களும் அந்தத் 'தயார்நிலை' அலையையே வேறு மாதிரி விளக்கினார்கள். மூளையில் எப்போதும் ஓர் இரைச்சல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது, அது தற்செயலாக ஓர் எல்லையைத் தொடும்போது கை அசைகிறது. அசைந்த கணத்திலிருந்து பின்னோக்கிச் சராசரி எடுத்தால் அந்த ஏற்றம் ஒரு திட்டம் போலத் தெரிகிறது. முடிவு முன்கூட்டியே எடுக்கப்பட்டதற்கு அது சாட்சியாகாது.

எனக்கு இருக்கும் மனத்தாங்கல் இன்னும் எளிமையானது. காரணமே இல்லாமல், தோன்றும்போது மணிக்கட்டை அசை என்பதா விருப்பம்? ஒரே மாதிரி இரண்டு பிஸ்கட்டில் ஒன்றை எடுப்பது போன்றது அது. சித்தப்பா சம்பளக் கவரோடு நின்ற இடத்தில் இருபது வருடமும், ஒரு பெண்டாட்டியும், இரண்டு பிள்ளைகளும், வறண்ட தொண்டையும் சேர்ந்து நின்றன. அரை விநாடியில் அளந்துவிடக்கூடிய விஷயமா அது?

மூளைச் சோதனைகளைவிட எனக்கு உருப்படியாகத் தெரிந்தது வியட்நாம் போர்வீரர்களைப் பற்றிய ஆய்வு. 1971இல் அங்கிருந்த அமெரிக்கச் சிப்பாய்களிடையே ஹெராயின் பரவலாக இருப்பது தெரியவந்து அரசாங்கம் பதறியது. திரும்பி வந்தவர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கே அடிமையாகவே இருந்ததாகச் சொன்னார்கள். அப்படி அடிமையாக இருந்தவர்களில், ஊர் திரும்பிய முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். மற்ற பெரும்பாலோர் சிகிச்சை எதுவும் இல்லாமலே விட்டிருந்தார்கள். இதை இரண்டு தரப்பும் சொந்தம் கொண்டாடலாம். 'பாத்தியா, மனசு வெச்சா முடியும்' என்று அம்மா சொல்வார். 'சூழல் மாறியது, நடத்தை மாறியது' என்று ஸ்கின்னர் சொல்வார். நான் கவனித்தது வேறு. அந்தச் சிப்பாய்களுக்கு ஏறிப் போக ஒரு விமானமும், இறங்க ஓர் ஊரும் இருந்தன. சித்தப்பா தினமும் எங்கே குடித்தாரோ அங்கேயே விட வேண்டியிருந்தது.

இதையெல்லாம் ஏதோ அறிவுப் பொழுதுபோக்காக நான் எழுதவில்லை. நம் பகுதியில் இந்தக் கேள்விக்கு ஓர் உயிர் போயிருக்கிறது, ஒன்றல்ல.

நான் சித்தப்பாவிடம் ஸ்கின்னரைப் பேசிய அதே வருடம், 2009 ஏப்ரலில், உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் என் வயதையொத்த ஓர் இளைஞர் பிடிபட்டார். நாகேந்திரன் தர்மலிங்கம். தொடையில் கட்டியிருந்த பொட்டலத்தில் 42.72 கிராம் ஹெராயின். சிங்கப்பூர்ச் சட்டத்தில் 15 கிராமுக்கு மேல் கடத்தினால் கட்டாய மரண தண்டனை. 2010இல் தீர்ப்பு. குடும்பம் ஈப்போவுக்கு அருகே தஞ்சோங் ரம்புத்தானில். மலேசியர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னால் ஒரு நமட்டுச் சிரிப்பு வரும். 1911இலிருந்து மனநல மருத்துவமனை இருக்கும் ஊர். 'ஒன்ன தஞ்சோங் ரம்புத்தான்ல சேக்கணும்' என்று பள்ளியில் ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டுதானே வளர்ந்தோம். அந்த ஊர்ப் பையனுக்கு மனம் எவ்வளவு இருந்தது என்பதுதான் பிறகு வழக்கானது.

போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தில் 33பி என்று ஒரு புதுப் பிரிவு 2013இல் நடைமுறைக்கு வந்தது. வெறுமனே பொருளைக் கொண்டுவந்தவர் என்றால், அவருடைய மனநிலைப் பிறழ்வு அவருடைய பொறுப்புணர்வைக் கணிசமாகக் குறைத்திருந்தது என்று நிரூபித்தால், ஆயுள் தண்டனையோடு தப்பலாம். நாகேந்திரனின் நுண்ணறிவு ஈவு 69 என்று அளக்கப்பட்டிருந்தது. 2017இல் உயர் நீதிமன்றமும் 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அது போதாது என்றன. அவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்பது தெரிந்திருந்தது என்பது முடிவு. அதற்கு நீதிமன்றம் எடுத்துக்கொண்ட சான்றுகளில், சாவடியில் சோதனையைத் தவிர்க்கத் தான் பாதுகாவல் வேலை பார்ப்பவன் என்று அவர் சொன்னதும் ஒன்று. தன் படிப்பை ஒவ்வொரு நேர்காணலிலும் குறைத்துக் குறைத்துச் சொன்னது இன்னொன்று.

இந்தத் தர்க்கத்தைப் பலமுறை படித்துப் பார்த்திருக்கிறேன். பயந்துபோன ஒருவன் சொல்லும் பொய், அவனுடைய சுதந்திரத்துக்கு அத்தாட்சியாகிறது. ஐந்து வயதுப் பிள்ளையும் ரோத்தானைப் பார்த்தால் பொய் சொல்லும். ஆனால் நான் நேர்மையாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அவரைக் காப்பாற்ற நினைத்தவர்கள் அவரை என்னவாகக் காட்ட வேண்டியிருந்தது? யோசிக்கத் தெரியாதவராக. தராசின் ஒரு தட்டில் 69 என்ற எண். மறு தட்டில் தெரிந்தே செய்தவன் என்ற மரியாதை. அந்த மரியாதைக்குக் கூலி தூக்குக் கயிறு. என் சித்தப்பா எந்த மரியாதைக்காக என்னைத் திட்டினாரோ, அதையே அந்த நீதிமன்றம் நாகேந்திரனுக்கு முழுசாகக் கொடுத்துவிட்டது. எனவே சித்தப்பாவின் பதிலை நான் எல்லா இடத்துக்கும் பொதுவாக்கத் தயாராக இல்லை. தான் செய்ததைத் 'நான்தான் செஞ்சேன்' என்று ஒருவர் தானே எடுத்துக்கொள்வது வேறு. வலிமையானவர் பலவீனமானவர் தலையில் அதை ஏற்றிவைப்பது வேறு.

இன்னொன்றும் சொல்லணும். 'கட்டாய' மரண தண்டனை என்றால் என்ன? குற்றம் நிரூபணமாகி, விதிவிலக்கு எதுவும் பொருந்தாவிட்டால், நீதிபதிக்கு வேறு தண்டனை கொடுக்க வழியில்லை. எடை தீர்மானித்துவிடும். 2 கிராமுக்கு மேல் ஹெராயின் வைத்திருந்தால் கடத்தல் என்று சட்டமே ஊகித்துக்கொள்ளும், இல்லை என்று காட்டுவது குற்றம் சாட்டப்பட்டவர் பொறுப்பு. ஆக அந்த நீதிமன்ற அறையில் தன்விருப்பம் முழுமையாக இருப்பதாகக் கருதப்பட்டவர், 69 ஈவு கொண்ட அந்த இளைஞர். தன்விருப்பம் இல்லை என்று சட்டமே எழுதிவைத்தது, படித்த, அனுபவமுள்ள, கறுப்பு அங்கி போட்ட நீதிபதிக்கு. ஸ்கின்னரின் கூண்டு அந்த அறையில் இருந்தது, ஆனால் நாம் தேடிய இடத்தில் இல்லை. (மலேசியாவில் 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை இல்லை. தண்டனை இருக்கிறது, கட்டாயம் இல்லை. நீதிபதிக்கு விருப்பம் திரும்பக் கிடைத்திருக்கிறது. அதை வைத்து என்ன செய்வார்கள் என்பது அவர்கள் பாடு.)

2022 ஏப்ரல் 26ஆம் தேதி அவருடைய தாயாரின் கடைசி மனு தள்ளுபடியானது. கண்ணாடித் தடுப்பின் இடைவெளி வழியே குடும்பத்தார் அவர் கையைப் பிடித்துக்கொண்டதையும் அவர் அம்மாவைக் கூப்பிட்டு அழுததையும் செய்தியாளர்கள் எழுதினார்கள். மறுநாள் விடியலில் சாங்கியில் தூக்கிலிட்டார்கள். அன்று என் பேஸ்புக்கில் வந்த கருத்துகளில் பாதி, தமிழில் எழுதப்பட்டவை, 'தெரிந்துதானே செய்தான்' என்றன. எழுதியவர்களில் சிலரை எனக்குத் தெரியும். தங்கள் பிள்ளை எஸ்.பி.எம்மில் தோற்றபோது 'டீச்சர் சரியில்ல, கூட்டாளிங்க சரியில்ல' என்றவர்கள். நம் வீட்டுப் பிள்ளைக்குச் சூழல், அடுத்த வீட்டுப் பிள்ளைக்குத் தன்விருப்பம். தேர்ச்சி பெற்றால் உல்டா: நம் பிள்ளை உழைப்பு, அவன் பிள்ளை அதிர்ஷ்டம். இந்தத் தத்துவச் சண்டையில் நாம் எந்தக் கட்சி என்பது பெரும்பாலும் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. நானும் விதிவிலக்கு இல்லை.

சரி, சித்தப்பாவுக்கு வருகிறேன்.

மார்ஷ்மெல்லோ சோதனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷல் பாலர் பள்ளிப் பிள்ளைகள் முன்னால் ஒரு மிட்டாயை வைத்து, நான் வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டு தருவேன் என்றார். தன்முனைப்புப் பேச்சாளர்கள் மேடைதோறும் இதைச் சொல்லி மனவுறுதியை விற்கிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது இரண்டு. ஒன்று, காத்திருந்த பிள்ளைகள் மிட்டாயை முறைத்துப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு ஜெயிக்கவில்லை. கண்ணைப் பொத்திக்கொண்டார்கள், திரும்பி உட்கார்ந்தார்கள், பாட்டுப் பாடினார்கள். மிட்டாயோடு நேருக்கு நேர் மோதாமல் வேறு வழியில் போனார்கள். இரண்டாவது, 2013இல் செலஸ்ட் கிட் குழுவினர் செய்தது. மிட்டாய்க்கு முன்னால் ஒரு பெரியவர் பிள்ளைகளிடம் நல்ல வண்ணக்குச்சிகள் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார். 14 பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தார். இன்னொரு 14 பேருக்கு, மன்னிக்கணும் இல்லை என்று வெறுங்கையோடு வந்தார். பிறகு மிட்டாய் சோதனை. வாக்குக் காப்பாற்றப்பட்டவர்களில் 9 பேர் முழுப் பதினைந்து நிமிடமும் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்களில் 1. அந்த 13 பேருக்கு மனவுறுதி இல்லை என்பீர்களா? உலகத்தைச் சரியாகப் படித்திருக்கிறார்கள் என்பேன் நான். வருகிறேன், தருகிறேன், வீட்டு நிலம் கிடைக்கும் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகள் முன்னால் மிட்டாயை வைத்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சோதனை செய்து காட்ட வேண்டியதில்லை.

போன தீபாவளிக்குச் சித்தியைப் பார்க்கப் போயிருந்தேன். சித்தப்பா 2013இல் இறந்துவிட்டார். அந்தப் பதினாலு மாதம் எப்படி இருந்தார் என்று கேட்டேன். சாமி, விரதம், பிள்ளைகள் மேல் பாசம் என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"அதுவா? ஆபீஸ்ல சம்பளம் வாங்கிட்டு, கடப்பக்கம் வராம, கோயில் வழியா சுத்தி வருவாரு" என்றார்.

ஆபீசிலிருந்து லயத்துக்கு இரண்டு வழி. செம்மண் சாலையில் வந்தால் பத்து நிமிடம், சம்சு விற்கும் கடையைத் தாண்டித்தான் வர வேண்டும். மாரியம்மன் கோயில் பக்கம் திரும்பிப் பால் மரங்களுக்கு ஊடே வந்தால் முக்கால் மணி நேரம், அட்டைக்கடி வேறு. பதினாலு மாதமும் இரண்டாவது வழி. "கட வாசலுக்கு வந்துட்டா என்னால முடியாது, காலு தானா உள்ள போயிடும்னு சொல்வாரு. அதான் அந்த முக்குலயே திரும்பிடுவேன்பாரு." தானா என்று சித்தி சொன்னதை நான் குறித்துக்கொண்டேன்.

என்னை எதிர்த்து 'விட முடியாதுன்னு எவன்டா சொன்னான்' என்று கத்திய மனிதருக்கு, கடை வாசலில் தனக்கு விருப்பம் எதுவும் மிஞ்சாது என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது. அங்கே அவர் ஸ்கின்னரின் கட்சி. முந்நூறு அடி தள்ளி, அந்த முக்கில், அவர் அம்மாவின் கட்சி. பலகையில் கோடு போட்ட என் விரிவுரையாளருக்கு 'நடுவுல' என்றால் எங்கே என்று இப்போது என்னால் காட்ட முடியும்: ஆபீசுக்கும் கடைக்கும் இடையில், கோயிலுக்குத் திரும்பும் இடத்தில். நாகேந்திரனின் முக்கு எங்கே இருந்தது என்றும் யோசித்துப் பார்க்கிறேன். உட்லண்ட்ஸில் நிச்சயமாக இல்லை. அதற்கு முன் எங்கேயாவது இருந்திருக்கும், அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்குமா என்பது வேறு. நீதிமன்றங்கள் கடை வாசலை மட்டும்தான் விசாரிக்கின்றன.

ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. தோட்டம் கைமாறியது 2005இல். புது முதலாளி செம்பனை நடுவதற்காகக் கோயில் பக்கம் முழுவதும் முள்வேலி போட்டார். அதற்குப் பிறகு லயத்துக்குச் செம்மண் சாலை ஒன்றுதான். சித்தப்பா காவடி எடுத்தது 2004 தைப்பூசத்துக்கு. பதினாலு மாதம் என்றால் கணக்கு அங்கேதான் வந்து முட்டுகிறது.

"சித்தி, அவரு திரும்பக் குடிக்க ஆரம்பிச்சது வேலி போட்டதுக்கு முந்தியா, பிந்தியா?"

சித்தி முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஞாபகம் இல்லப்பா. ஏன், அதத் தெரிஞ்சு இப்ப என்னா பண்ணப் போற?"